களைகளும் நம் பொறுமையும்



வயலில் கோதுமையோடு களையும் முளைத்திருப்பதைக் கண்ட பணியாளர்கள், அதைப் பறித்துவிடலாமா என்று தலைவரிடம் கேட்கிறார்கள். அவர் வேண்டாம் என்கிறார் (மத் 13:24-30). களையைப் பிடுங்கினால் கோதுமையும் வேரோடு வந்துவிடும் என்பது வயலை அறிந்த அவருக்குத் தெரியும்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஐப்பசி மழையில் கல்லறைத் தோட்டத்திலும் ஆலய வளாகத்திலும் புல் மண்டிக் கிடக்கும் காலம். வேலை விரைவில் முடியட்டும் என்று சிலர் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். எல்லாச் செடியையும் கொல்லும் மருந்து அருகம்புல்லையும் கருக்கிவிடும். அப்படி வெறுமையான மண்ணில், அடுத்த மழைக்கு முதலில் முளைப்பவையும் களைகளே. மறைக்கல்வி முடிந்து நம் பிள்ளைகள் ஓடி விளையாடுவதும் அதே தரையில்தான்.

எல்லாக் களையும் ஒன்றல்ல. வெட்டுக்காயப் பூண்டின் பூ வண்ணத்துப்பூச்சிகளுக்கு உணவாகிறது. சிறுபுள்ளடி காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. கீழாநெல்லி நம் பாட்டிமார் தேடிப் பறித்த மூலிகை. இவை புல்லோடு வளரட்டும்.

பார்த்தீனியத்தை விட்டுவைக்க முடியாது. அது தோலில் அரிப்பையும் சிலருக்கு மூச்சுத்திணறலையும் தரும். ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளைச் சிதறும். பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். காலைக் குத்தும் நெருஞ்சியையும் காய்க்கும் முன் எடுத்துவிடலாம். கோரையை இலையோடு இழுத்தால் போதாது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். கொத்தித் தோண்டிக் கிழங்கை எடுக்க வேண்டும்.

புல்லை ஒட்டச் செதுக்க வேண்டாம். ஒரு தடவையில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதிருந்தால், புல் அடர்ந்து களை விதைக்கு வெயில் கிடைக்காமல் செய்யும். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விட்டால் உரமாகும். புல் வளராத மரநிழலில் சருகைப் பரப்பலாம்.

அசிசியின் புனித பிரான்சிஸ், துறவு இல்லத் தோட்டத்தின் ஒரு பகுதியைத் தொடாமல் விடச் சொன்னார். காட்டுப்பூக்கள் அங்கே வளர வேண்டும், காண்போர் உள்ளம் இறைவனை நோக்கி எழ வேண்டும் என்பதற்காக. 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் இதை நினைவூட்டுகிறார்.

இவ்வாண்டு மருந்துத் தெளிப்பானை விட்டு, மண்வெட்டியோடும் கையுறையோடும் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வருவோம். நம் முன்னோரின் கல்லறை ஓரத்தில் பூத்திருக்கும் சிறு பூ அவர்களுக்கு அவமதிப்பு ஆகாது. தீங்கானதை இனங்கண்டு அகற்றவும், மற்றதைப் பொறுத்துக்கொள்ளவும் இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.