ரப்பர் பாலில் ஒரு பெப்டைடு: மரத்துக்குக் காவல், சிலருக்கு ஒவ்வாமை



புரதத்தைப் பற்றி விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், "புரதச்சத்து உடலுக்கு நல்லது, முட்டை, பருப்பு, மீன் சாப்பிட வேண்டும்" என்பதோடு நம் மாணவர்களில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நானும் அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஓர் ஆசிரியர் தினத்தன்று நடந்த சம்பவத்துக்குப் பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன்.

மண்டபத்தை அலங்கரிக்க நான்காம் படிவ மாணவி ஒருத்தியிடம் பலூன் ஊதச் சொன்னேன். "வேணாம் டீச்சர், உதடு அரிக்கும்" என்றாள். "சாக்குச் சொல்லாதே, ஊதும்மா" என்றேன். கால் மணி நேரத்தில் அவளுடைய உதடும் கண்ணிமையும் வீங்கிவிட்டன. கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் ஊசி போட்டுவிட்டு அவளிடம் கேட்டார்: "வாழைப்பழம் சாப்பிட்டால் வாய் அரிக்குமா?" அவள், "ஆமா டாக்டர். வீட்ல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள்.

பலூனுக்கும் வாழைப்பழத்துக்கும் என்ன சம்பந்தம்? விடை நம் தோட்டத்து ரப்பர் மரத்தில் இருக்கிறது.

பால் ஏன் தானாக நிற்கிறது?

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இன்று எங்கே பார்த்தாலும் செம்பனைதான். ஆனால் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் வயதானவர்களிடம் பேசிப் பாருங்கள். பலரும் பால்மரம் வெட்டியவர்கள். என் அம்மாவும் வெட்டியவர்தான். "ஏம்மா, வெட்டின கொஞ்ச நேரத்துல பால் தானா நின்னுடுதே, ஏன்?" என்று அவரிடம் கேட்டேன். "மரத்துக்குக் காயம் பட்டா அது வாய மூடிக்காதா? நமக்கு ரத்தம் உறையற மாதிரித்தான்" என்றார்.

அம்மா சொன்னது சரி. பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் விடியற்காலையில் அழுத்தம் அதிகமாக இருக்கும். அதனால்தான் இருட்டோடு எழுந்து போய் வெட்டினார்கள். வெட்டியதும் அழுத்தம் சட்டென்று குறைகிறது. பாலில் மிதக்கும் லூட்டாய்டு என்னும் நுண்பைகள் உடைகின்றன. அவற்றிலிருந்து ஹெவின் என்ற பொருள் வெளிவந்து ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. துகள்கள் கட்டியாகிக் காயத்தை அடைக்கின்றன. மறுநாள் கோட்டிலிருந்து உரித்தெடுக்கும் ஒட்டுப்பால் இப்படித்தான் உருவாகிறது.

ஹெவினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பூஞ்சைகளின் உடற்சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. ஹெவின் அதைப் பற்றிக்கொண்டு பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும். காயத்தை மூடுவதும் கிருமியைத் தடுப்பதும் ஒரே மூலக்கூறுதான்.

பெப்டைடும் புரதமும்

இரண்டும் அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலிகள். ஏறக்குறைய 50 அமினோ அமிலங்களுக்குள் இருந்தால் பெப்டைடு என்றும், அதைவிட நீண்டால் புரதம் என்றும் சொல்வது வழக்கம். கறாரான எல்லை கிடையாது. ஹெவினில் இருப்பவை 43.

தமிழாசிரியர்களுக்கு இதை விளக்குவது எளிது. 'கதவு', 'தகவு' என்ற இரண்டு சொற்களிலும் அதே மூன்று எழுத்துகள்தாம். வரிசை மாறினால் பொருளே மாறிவிடுகிறது. அமினோ அமிலங்களும் அப்படித்தான். பொதுவாகப் பயன்படும் 20 வகைகளின் வரிசைக்கு ஏற்பச் சங்கிலி ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிகிறது. அந்த வடிவம்தான் அது எதைப் பற்றும், என்ன வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கிறது.

வடிவம் ஏமாற்றும்போது

நம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலும் வடிவத்தைப் பார்த்தே அந்நியரை அடையாளம் காண்கிறது. சிலருடைய உடல் ரப்பர் பாலின் புரதங்களைப் பகையாக எண்ணி, ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் பொருளை உருவாக்கிவிடும். அதுவும் ஒரு புரதமே. வாழை, வெண்ணெய்ப்பழம் போன்றவற்றில் ஹெவினை ஒத்த பகுதி கொண்ட புரதங்கள் உள்ளன. ஒன்றுக்கு எதிராக உருவான ஐ.ஜி.இ. மற்றதையும் பிடித்துக்கொள்கிறது. மருத்துவர் வாழைப்பழத்தைப் பற்றிக் கேட்டது இதனால்தான்.

1980களில் எய்ட்ஸ் பரவியபோது உலகெங்கும் மருத்துவமனைகளுக்கு ரப்பர் கையுறை ஏராளமாகத் தேவைப்பட்டது. சரியாகக் கழுவாத கையுறைகளில் புரதம் தங்கியது. எளிதாக மாட்டிக்கொள்ளத் தூவிய மாவு அந்தப் புரதத்தைக் காற்றிலும் பரப்பியது. தாதியருக்கும் நோயாளிகளுக்கும் அரிப்பு, மூச்சுத்திணறல் வந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. 1991-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வாமை தரும் புரதங்களை அடையாளம் காண்பதிலும், புரதம் குறைந்த கையுறை செய்யும் முறைகளிலும் உழைத்தார்கள். மாவு தூவிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடைசெய்தது. இன்று பரவலாகப் பயன்படும் நைட்ரைல் கையுறை செயற்கை ரப்பர். அதில் மரத்தின் புரதம் இல்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. கையுறையால் வரும் அரிப்பு எல்லாமே புரத ஒவ்வாமை அல்ல. வியர்வையாலும் தயாரிப்பில் சேர்க்கும் இரசாயனங்களாலும்கூட வரும். எது என்று மருத்துவரே சொல்ல முடியும்.

அதே அளவு, உயிர் காக்கும் வேலை

ஹெவினைவிடச் சற்றே பெரியது இன்சுலின். 21-ம் 30-ம் கொண்ட இரண்டு சங்கிலிகளாக மொத்தம் 51 அமினோ அமிலங்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் செலுத்தப்பட்டது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நம் வீடுகளில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"மாத்திரையா குடுத்தா என்ன, ஏன் ஊசி?" என்று பாட்டிமார் கேட்பதுண்டு. விழுங்கினால், வயிறும் குடலும் மீனையும் பருப்பையும் செரிப்பதுபோல இன்சுலினையும் செரித்துவிடும். சங்கிலி அறுந்தால் வடிவம் போகும். வடிவம் போனால் வேலையும் நடக்காது. ஆகவே அதைத் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். ஊசி என்றாலே கடைசிக் கட்டம் என்று பயப்படுபவர்களிடம் பேரப்பிள்ளைகள் இதை எடுத்துச் சொல்லலாம்.

வகுப்பறைக்கு

மாணவர்கள் இக்கட்டுரையைப் படித்தபின் கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை எழுதலாம்.

1. ரப்பர் மரத்துக்கு ஹெவின் செய்யும் இரண்டு வேலைகள் யாவை?
2. பலூனால் ஒவ்வாமை வருபவருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்ளாமல் போவது ஏன்?
3. இன்சுலினை விழுங்கினால் பயன் கிடைக்காது. காரணம் தந்து விளக்குக.
4. உங்கள் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய ஒருவரைப் பேட்டி கண்டு, அவர் சொன்ன அனுபவத்தையும் அதன் அறிவியல் காரணத்தையும் இணைத்து 200 சொற்களில் எழுதுக.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "அரிக்குது டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால் நம்புங்கள். பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள். அந்த மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் மண்டபத்தில் இப்போது காகிதத் தோரணம்தான்.