ஒரு துறைக்குள் அடங்காத படிப்பு

"சூழலியலிற் பல்கலைக்கழக ஆசிரியராக வேண்டுமாயின் எந்தப் பீடத்திற் சேர்தல் வேண்டும்?" என உயர்தர வகுப்பு மாணவர் வினவுவதுண்டு. விஞ்ஞானமா, கலையா, பொறியியலா எனப் பெற்றோரும் கலங்குவர். இயன் மக்ஹார்க் (1920–2001) என்பாரின் வரலாறு இவ்வினாவுக்கு ஓரளவு விடை தரும்.

ஸ்கொத்லாந்திற் பிறந்த இவர், 1950களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நில வடிவமைப்புக் கலைக்கென ஒரு துறையை நிறுவினார். அக்கலை பூந்தோட்டம் அமைப்பதே எனப் பலர் எண்ணியிருந்தனர். இவரோ காலப்போக்கில் புவிச்சரிதவியலார், நீரியலார், தாவரச் சூழலியலார், மானிடவியலார் ஆகியோரையும் தம் துறைக்கே ஆசிரியர்களாக்கினார்.

நியூயோர்க்கின் ஸ்ரேற்றன் தீவிற் பெருந்தெரு ஒன்றுக்கு வழி தேடுகையில் அவர் கையாண்ட முறை சுவையானது. சரிவு, மண், நீர், காடு, குடியிருப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒளி ஊடுருவும் தாளில் ஒரு படம். கேடு மிகும் இடம் கருமையாகத் தீட்டப்படும். தாள்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி நோக்கினால், வெளிறித் தோன்றும் பாதையே தெருவுக்கு உகந்தது! 1969இல் வெளிவந்த அவரது நூல் இம்முறையைப் பரப்பியது. இன்று கணினியில் வழங்கும் புவியியல் தகவல் முறைமைக்கு இஃது ஒரு முன்னோடி.

ஆயின், மண்ணை ஐயமற அறியாதவர் வரைந்த மண்படத்தை எவர் நம்புவார்? சூழல்மீது பற்று மட்டும் போதாது. எனவே, முதற் பட்டத்துக்குத் தாவரவியலோ, புவியியலோ, பொறியியலோ, பிள்ளைக்கு உவப்பான ஒன்றையே தெரிவுசெய்யலாம்; சூழல் வடிவமைப்பை முதுமாணிப் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.