இருமலும் கைமருந்தும்

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் பள்ளுருத்தியில் இருமல் ஒலி கேளாத வீடு அரிது. காயலும் கால்வாயும் சூழ்ந்த இப்பகுதியில் அப்பொழுது துணி உலராது, சுவர் உலராது, குழந்தைகளின் மூக்கும் உலராது. நம் தமிழ்க் குடும்பங்கள் அந்நாட்களில் முதலில் நாடுவது மருத்துவமனையை அன்று; அஞ்சறைப் பெட்டியைத்தான். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துப் பனங்கற்கண்டு சேர்த்து இறக்குவார்கள். சிலர் ஆடாதோடை இலையையும் துளசியையும் கூட்டுவார்கள். ஆறியபின் தேன் கலந்து குழந்தையைப் பிடித்துவைத்துப் புகட்டுவார்கள். சரக்குக்கும் இங்கே குறைவில்லை. கொச்சிச் சுக்கு என்று உலக வாணிபத்தில் பெயர் பெற்ற சரக்கு, கூப்பிடு தூரத்திலுள்ள மட்டாஞ்சேரிக் கிடங்குகளின் வழியாகக் கப்பலேறியதுதான். புதிதாகக் குடிவந்த சகோதரிகளுக்குச் சற்றே சிரமம் தருவது பெயர் ஒன்றே. நம் கற்பூரவல்லி இங்கே பனிக்கூர்க்கை. ஆடாதோடை இங்கே ஆடலோடகம். இவ்விரண்டு பெயர்களையும் தெரிந்துகொண்டால் அண்டை வீட்டுச் சேச்சியிடமே இலை கிடைத்துவிடும்.

இக்கைமருந்து உண்மையில் இருமலைத் தணிக்கிறதா? எங்கள் வீட்டில் இக்கேள்வியை நான் எழுப்பியபோது என் மனைவியின் தாயாருக்கு வியப்பாயிருந்தது. அவர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்; கஷாயம் வைப்பதில் கைதேர்ந்தவர்.

“மாப்பிள்ளை, இதையும் சோதிக்க வேண்டுமா? எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன்! பத்து நாளில் நின்றுபோகும்.”

“கொடுக்காதிருந்தால் எத்தனை நாளில் நின்றிருக்கும், அத்தை?”

“கொடுக்காமல் இருந்ததே இல்லையே!”

முழுச் சிக்கலும் இந்த விடையில்தான் அடங்கியிருக்கிறது. சளிக்காய்ச்சலோடு வரும் இருமல் பெரும்பாலும் தானே வந்து தானே போவது. குழந்தைகளைப் பற்றிய பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2013-ல் வெளியிட்ட கணக்கின்படி, இத்தகைய இருமல் பாதிக் குழந்தைகளுக்குச் சுமார் 10 நாட்களில் நின்றுவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு 25 நாட்களுக்குள் நின்றுவிடுகிறது. ஆகவே ஐந்தாம் நாள் கஷாயம் கொடுத்துப் பத்தாம் நாள் இருமல் நின்றால், நின்றது கஷாயத்தாலா, நாள் கடந்ததாலா என்று எவராலும் சொல்ல முடியாது. மருந்து கொடுத்த கூட்டத்தோடு மருந்து கொடாத கூட்டம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலொழிய உண்மை விளங்காது.

அவ்வாறு பார்த்தவர்கள் உண்டு. 2007-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றுக்காக, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இயான் பால் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும், சளியும் இரவு இருமலுமாக வந்த 105 பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். பிள்ளைகள் 2 முதல் 18 வயது வரையுள்ளவர்கள். ஒரு கூட்டத்துக்குப் படுக்குமுன் தேன். இன்னொரு கூட்டத்துக்குத் தேன் சுவையூட்டிய டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் என்னும் கடை மருந்து. மூன்றாம் கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. முதல் நாள் இரவு எப்படி, மறுநாள் இரவு எப்படி என்று பெற்றோரைக் கேட்டு எழுதினார்கள். மூன்று கூட்டமும் ஓரளவு தேறியிருந்தது. தேன் உண்ட கூட்டமே மிகுதியாகத் தேறியிருந்தது. கடை மருந்தோ, ஒன்றுமே கொடாததைக் காட்டிலும் மேலானது என்று காட்ட இயலவில்லை. அவர்கள் கொடுத்த தேனின் அளவும் நம் சமையலறைக்கு எட்டியதுதான்: 5 வயது வரை அரைத் தேக்கரண்டி, 6 முதல் 11 வரை ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் இரண்டு.

இச்சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. ஒன்றும் கொடாத கூட்டத்துப் பெற்றோருக்குத் தாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை என்பது தெரியுமே! அவ்வெண்ணம் அவர்கள் சொல்லும் விடையைச் சாய்க்காதா? இந்த ஓட்டையை அடைக்க இஸ்ரேல் நாட்டு மருத்துவர்கள் ஓர் அழகான உபாயம் செய்தார்கள். பேரீச்சம்பழப் பாகு நிறத்திலும் சுவையிலும் தேனைப் போன்றது. 1 முதல் 5 வயது வரையுள்ள 300 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, மூன்று கூட்டத்துக்கு மூவகைத் தேனும் நான்காம் கூட்டத்துக்குப் பேரீச்சம் பாகுமாக, படுக்கைக்கு அரைமணி முன்னர் 10 கிராம் கொடுத்தார்கள். எது யாருக்குப் போயிற்று என்பது பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2012-ல் வெளியான அதன் முடிவிலும் தேனே முந்திற்று. ஆனால் பாகு குடித்த பிள்ளைகளும் நன்றாகவே தேறியிருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. தேனுக்கும் பாகுக்கும் இடையேயிருந்த வேறுபாடுதான் தேனின் சொந்தப் பலன். அது மலையளவு அன்று.

இதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது 2014-ல் அதே இயான் பால் குழுவினர் வெளியிட்ட மற்றொரு சோதனை. தேன் கொடுக்கத் தகாத கைக்குழந்தைகள் உட்பட, நான்கு வயதுக்குட்பட்ட 120 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சிலருக்குக் கற்றாழையைப் போன்ற அகேவ் என்ற செடியின் பாகும், சிலருக்கு வெறும் சாயமும் சுவையும் சேர்த்த நீரும் கொடுத்தார்கள்; சிலருக்கு ஒன்றுமில்லை. பாகும் சாய நீரும் ஒன்றுக்கொன்று குறையவில்லை. ஆனால் இரண்டுமே ஒன்றும் கொடாததைவிட மேல் என்று பெற்றோர் சொன்னார்கள்! குழந்தைக்கு ஏதோ கொடுத்தோம் என்ற நிம்மதியில் தாய்க்கு இருமல் ஒலி குறைவாகக் கேட்டது போலும். நள்ளிரவில் இருமும் குழந்தையின் அருகே விழித்திருந்த தாய் எவளும் இதைக் கேட்டு நகைக்க மாட்டாள்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டிலும் சிறு சோதனை ஒன்று நடந்தது. அலுவலகத்தில் வந்த சரக்கையும் சென்ற சரக்கையும் பதிவேட்டில் ஏற்றி ஏற்றிக் கைக்கு வந்த பழக்கம் வீட்டிலும் விடவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் ஒரே வாரத்தில் சளி பிடித்தது. மூத்தவளுக்கு அத்தையின் முழுக் கஷாயம், இளையவனுக்குத் தேன் மட்டும். மூன்று இரவு கழித்து மாற்றிக் கொடுப்பது. இரவில் எத்தனை முறை இருமி விழித்தார்கள் என்று நாட்காட்டித் தாளின் பின்புறம் கோடு போட்டு வந்தோம். முதல் இரவுகளில் கோடுகள் நெருக்கமாயிருந்தன. பிந்திய இரவுகளில் அருகின. எவன் எதைக் குடித்தான் என்பதால் அதில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. கஷாயத்தில் பாதி வெளியே துப்பப்பட்டது. தேனில் ஒரு துளியும் வீணாகவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆயினும் கஷாயம் புகட்டும்போது வழக்கமாக எழும் கூக்குரல் எங்கள் வீட்டில் அதன்பின் அடங்கிற்று. “உள்ளே போகிற மருந்துதானே மருந்து” என்று அத்தையும் ஒப்புக்கொண்டார்.

அதற்காகச் சுக்கையும் மிளகையும் தள்ளிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. பெரியவர்களுக்குச் சூடான சுக்குக் காப்பி தொண்டைக்கு இதமளிப்பதை யாரும் மறுப்பதற்கில்லை. தேனுக்குள்ள அளவு சான்று அவற்றுக்கு இல்லை என்பதே செய்தி. ஆடாதோடையின் கதை தனி. உதகமண்டலத்தில் சென்னை அரசாங்கத்தின் கொய்னா ஆராய்ச்சியாளராகப் பணியாற்றிய டேவிட் ஹூப்பர், 1888-ல் அவ்விலையிலிருந்து வாசிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து எழுதினார். அதன் அமைப்பைப் பின்பற்றிப் பிற்காலத்தில் இரசாயன நிபுணர்கள் செய்ததே புரோம்ஹெக்சின். 1963 முதல் சளியை இளக்கும் மருந்தாக விற்பனையாகி வருகிறது. நம் வேலியோரத்துச் செடிக்கும் மருந்துக்கடை மாத்திரைக்கும் இவ்வாறு உறவு உண்டு. ஆனால் மாத்திரையில் அளவு திட்டமாக உண்டு, இலையில் இல்லை. மேலும் வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையது. ஆதலின் கருவுற்ற பெண்கள் ஆடாதோடைக் கஷாயத்தைத் தொடலாகாது.

கைமருந்தைச் சோதிக்கக் கேட்பவர்கள் கடை மருந்தையும் அதே கண்ணோடு பார்க்கட்டும். 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாடா மாவட்டத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. அவர்கள் குடித்தது கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்து. அது தயாரானது நம் தமிழ்நாட்டுக் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அதிகாரிகள் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நஞ்சு இருந்தது. அதே மாதத்தில் மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் சளி மருந்துகளை எழுதித் தரலாகாது என்றும், 5 வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அவை ஏற்றவை அல்ல என்றும் அறிவித்தது. சென்ற தடவை மருத்துவர் பெரிய பிள்ளைக்கு எழுதிய புட்டியில் மீதியிருப்பதைச் சிறிய பிள்ளைக்கு ஊற்றும் வழக்கம் நம்மில் பல வீடுகளில் உண்டு. அதை இன்றோடு விட்டுவிடுவது நல்லது.

தேனைப் புகழ்ந்தேன், அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. தேனில் சில வேளை பொட்டுலிசம் என்னும் நோயை விளைக்கும் நுண்ணுயிரின் வித்துக்கள் இருக்கும். பெரியவர் குடலில் அவை தலையெடுப்பதில்லை. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலம் கட்டும், அழுகுரல் மெலியும், பால் உறிஞ்சும் வலிமை குன்றும், உடல் துவளும். 1976-ல் கலிபோர்னியாவில்தான் இந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. வீட்டு அடுப்பில் தேனைச் சூடாக்குவதால் அவ்வித்துக்கள் சாகா. நம்மில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கமும், இங்குள்ளவர்களிடம் வயம்பும் பொன்னும் தேனில் இழைத்து நாவில் தொடும் வழக்கமும் இருப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டிமாரின் மனம் நோகாமல், வைப்பவர் பெரியவராயினும் தேனை மட்டும் விலக்கிவிடச் சொல்லலாம்.

இருமும் குழந்தையிடம் கவனிக்க வேண்டியது இருமலின் ஒலியைவிட மூச்சின் வேகத்தை. குழந்தை அழாமல் அமைதியாயிருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் நிமோனியா என ஐயுற்று உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்புறம் உள்வாங்கினாலும் அவ்வாறே. அந்நேரத்தில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்குவது.

பெரியவர்களுக்கோ வேறு கணக்கு. எங்கள் சந்தில் தங்கிக் கட்டட வேலை செய்துவந்த தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் இரண்டு மாத காலம் ஆடாதோடைக் கஷாயமே குடித்துக்கொண்டிருந்தார். உடன் தங்கியிருந்தவர்கள் ஐவர், அறை ஒன்று. மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் கண்டபின், ஒருநாள் விடுப்பு எடுத்தால் கூலி போய்விடுமே என்றவரை வற்புறுத்திக் கருவேலிப்படி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். சளியைச் சோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. கஷாயம் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. அவருடைய இரண்டு மாதங்களைத் தின்றுவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும் என்பது அரசாங்கம் வகுத்த விதி.

பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை 6 மாதம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் தரப்பட்டு வந்தது, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது நோயாளியின் வங்கிக் கணக்கிலேயே சேரும். ஊரைவிட்டு ஒதுக்கிவைக்க வேண்டிய நோயும் அன்று அது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தார், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதேயளவு குணமடைந்தார்கள் என்று 1959-ல் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் காச நோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்துண்ணும் முறைக்கு வழிகாட்டிய சோதனைகளில் அது தலையாயது.

நம்மவர் பலரும் மருந்தை நடுவில் நிறுத்துவதற்கு ஊர் திரும்புவதே காரணமாகிறது. பொங்கலுக்குப் போகிறவர் இங்குள்ள மருத்துவமனையில் முன்கூட்டியே சொன்னால், அவருடைய பெயரை அவர் ஊர் மருத்துவமனைப் பதிவுக்கு மாற்றி, அங்கேயே மருந்து கிடைக்கச் செய்கிறார்கள். எங்கள் சந்து இளைஞர் அவ்வாறுதான் நான்காம் மாதத்தில் சங்கரன்கோவிலுக்குச் சென்றார். மீதி மாத்திரைகளை அங்கே வாங்கிக்கொள்கிறார். அவருடன் தங்கியிருந்த ஐவரையும் மருத்துவமனையார் அழைத்துச் சோதித்து அனுப்பினார்கள்.