டிகிரி கையில் இருந்தால் போதுமா?

கடனுக்குச் சரக்குக் கொடுத்து, பாக்கி வராமல் கோர்ட்டில் பிராது போடுகிறோம். எதிராளி வாய்தாவுக்கே வருவதில்லை. நமக்குச் சாதகமாக எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, கிடைக்கிறது. அதைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுப் பணம் தேடி வரும் என்று காத்திருப்போர் நம்மில் பலர். தீர்ப்பு தானாகப் பணமாகாது. நிறைவேற்று மனு போட்டால்தான் வசூலுக்கு வழி பிறக்கும்.

எப்போது போடலாம்? தீர்ப்பில் தவணையோ கெடுவோ இல்லையென்றால் உடனே போடலாம். சட்டம் தரும் மொத்தக் காலம் 12 ஆண்டுகள். ஆனால் முதல் மனுவையே 2 ஆண்டுகள் கழித்துப் போட்டால், முதலில் எதிராளிக்கு நோட்டீஸ் போகும். அதற்குள் சரக்கும் சொத்தும் கைமாறிவிடக்கூடும்.

தீர்ப்பை ரத்துசெய்யக் கோரி எதிராளி 30 நாட்களுக்குள் மனுச் செய்யலாம். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால், தீர்ப்பை அவர் அறிந்த நாளிலிருந்து 30 நாள் கணக்கு. ஆகவே பிராதில் விலாசம் சரியாக இருக்கவேண்டும். அவர் மனுப் போட்டதனாலேயே நம் நடவடிக்கை நிற்காது. கோர்ட்டு தடை உத்தரவு கொடுத்தால்தான் நிற்கும்.

ஜப்திக்கும் வரம்பு உண்டு. கடைச் சரக்கை ஜப்தி செய்யலாம்; அவசியமான உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கையைத் தொடமுடியாது. கொடுக்க வழியில்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கமுடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1980-இல் தெளிவாக்கியது.

எனவே டிகிரி கிடைத்ததும் வக்கீலைப் பார்ப்போம். எதிராளியின் சொத்து விவரத்தை முன்கூட்டியே குறித்துவைப்போம்.