சுண்டிக்குளத்துப் பறவைகளும் மீனவரும்

யாழ்ப்பாணக் குடாநாடு தென்கிழக்கே ஒடுங்கி, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் கடனீரேரியும் நெருக்க, மணற்றிட்டாய்ப் பெருநிலத்தோடு சேரும் இடத்திலே சுண்டிக்குளம் அமைந்திருக்கிறது. மாரியிலே கனகராயன் ஆற்று வெள்ளம் நீரேரியை நிரப்பிக் கடலோடு இணைக்கும் தொடுவாய் திறக்க, அவ்வழியே உட்புகும் றால் குஞ்சுகள் உவர்நீரில் வளர்கின்றன. அலகைத் தலைகீழாய் அமிழ்த்திச் சேற்றுநீரை வடித்துண்ணும் பூநாரைகளும், தூரதேசத்திலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும், சிறகுவலை கட்டி ஜீவனம் நடத்தும் குடும்பங்களும் அந்த ஒரே நீரைத்தான் நம்பியிருக்கின்றன.

1938இல் இவ்விடம் பறவைகள் சரணாலயமாயிற்று. இலங்கையின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தனியார் காணியும் அடங்கலாம். அதற்குள் பிரவேசிக்க அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. ஆகவே பறவைக்குக் காவல் கிடைத்தபோதும் வலைக்குத் தடை வரவில்லை. உள்நாட்டு யுத்தத்தின் இறுதிக் காலத்தில் ஊரை விட்டோடிய ஜனங்கள் திரும்பிவந்து மீன்வாடிகளை மறுபடி கட்டத் தொடங்கிய சில வருஷங்களுக்குள், 2015 ஜூன் 22இல், அயற்பிரதேசங்களும் சேர்க்கப்பட்டு 19,565 ஹெக்டேர் பரப்புத் தேசியப் பூங்காவாகப் பிரகடனமாயிற்று. தேசியப் பூங்காவோ முற்றிலும் அரச காணி. அனுமதியின்றி ஒருவரும் உட்புகலாகாது. வர்த்தமானியில் ஒரு சொல் மாறியதும், பரம்பரையாய் வலை கட்டியவன் தன் துறையிலேயே அத்துமீறியவன் ஆகிவிடக்கூடும் என்பது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது.

பறவைகளுக்கு அபாயமே இல்லையென்று நான் சொல்லவரவில்லை. இக்கரையோரத்து வடமராட்சி கிழக்கின் மணற்கும்பிகளை அள்ளிச் செல்லும் வாகனங்களையும், பனையும் தாழையும் அழிவதையும் கண்டவர் எவரும் அவ்வாறு சொல்லத் துணியார். ஆனால் இரவிலே மணல் ஏற்றும் உழவு இயந்திரத்தின் ஓசையை முதலில் கேட்பவன், தொலைவில் அலுவலகத்திலிருக்கும் உத்தியோகத்தனல்லன். வலையருகே விழித்திருக்கும் மீனவனே. அவனை வெளியேற்றினால் வனத்துக்கு வாய்த்த காவலாளியையே இழந்தவர்களாவோம்.

மக்களை வெளியேற்றாமலே வனத்தைக் காக்க முன்மாதிரியும் உண்டு. கர்நாடகத்துப் பிளிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகம் அமைந்த காட்டிலேயே, சோளகர் பழங்குடியினரின் சமூக வன உரிமை 2011இல் அங்கீகரிக்கப்பட்டது; இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதற்கு வழிசெய்தது. இங்கேயும் வனஜீவராசிகள் திணைக்களம் எல்லைக் கல் நடுமுன் மீனவர் சங்கத்தாரோடு கரையோரமாய் நடந்து, எந்தத் துறையில் எந்த மாதத்தில் வலை கட்டுவது, பூநாரைகள் மேயும் திடல்களை எப்போது விட்டு விலகுவது என்று பேசித் தீர்மானித்து, அதனை வர்த்தமானியிலேயே எழுத்தில் வைக்கவேண்டும்.