ஒரு ஃபார்வர்ட் வீடியோவும் மகள் கேட்ட கேள்வியும்

ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு, பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, பெரியப்பா போனில் ஒரு வீடியோ காட்டினார். ஏதோ ஐரோப்பிய நகரத்துத் தெருவில் கூட்டமாகத் தொழுகை. "பாத்தியா, மொத்த ஐரோப்பாவையும் புடிச்சிட்டாங்க. இவங்கள உள்ள உட்டா இப்படித்தான்" என்றார். நான் "உம்" கொட்டினேன். எட்டு வயது மகள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி படுக்கும்போது கேட்டாள். "அப்பா, ரம்ஜானுக்கு என் ஃபிரண்ட் வீட்ல கஞ்சி குடிச்சோமே, அவங்களும் எதையாவது புடிச்சாங்களா? இனிமே அவங்க வீட்டுக்குப் போகக்கூடாதா?"

சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் உட்கார்ந்து தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் கணக்கு. பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி 2016ல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், நார்வே, சுவிட்சர்லாந்து எல்லாம் சேர்த்து முஸ்லிம்கள் சுமார் 4.9 சதவீதம். அதே ஆண்டு இப்சாஸ் நிறுவனம் பிரான்ஸ் மக்களிடம், "உங்கள் நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் முஸ்லிம்கள்?" என்று கேட்டது. சராசரியாக வந்த பதில் 31. உண்மை 7.5தான். நாலு மடங்கு. அங்கேயே வாழ்கிறவர்களின் கணக்கே இப்படி என்றால், திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் பெரியப்பாவை என்ன சொல்ல?

பயம் எங்கே அதிகம் என்பது இன்னும் சுவாரஸ்யம். 2009 நவம்பர் 29 அன்று சுவிட்சர்லாந்தில் மசூதிகளுக்குப் புதிதாக மினார் கட்டத் தடை கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. அப்போது நாடு முழுக்க இருந்த மினார்கள் நாலே நாலு. தடைக்கு ஆதரவாக 57.5 சதவீதம் வாக்கு விழுந்தது. அதிக ஆதரவு அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற குட்டி மலை மாநிலத்தில், 71 சதவீதத்துக்கும் மேல். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் ஜெனீவாவும் பாசல் நகரமும் வேண்டாம் என்றன. படிப்பு, அரசியல், நகர வாழ்க்கை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் பக்கத்து வீட்டில் பார்த்துப் பழகியவர்கள்மேல் பயம் குறைவு என்பதை மறுக்க முடியாது. 1954லேயே கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் இதைத்தான் சொன்னார்: சமமான நிலையில், ஒரே வேலையில் சேர்ந்து பழகினால் தப்பெண்ணம் குறையும்.

அதே சுவிஸில் இன்னொரு கதை உண்டு, அது நம்முடையது. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழ் இளைஞர்கள் அங்கே அகதிகளாகப் போனார்கள். தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்தில் கூடி நிற்கிறார்கள், போதைப்பொருள் விற்கிறார்கள் என்றுதான் அன்றைக்குப் பேச்சு. ஓட்டல் சமையலறையில் பாத்திரம் தேய்த்த அதே மக்களை இன்றைக்கு "ஒழுங்கான உழைப்பாளிகள்" என்கிறார்கள். ஆட்கள் அவர்களேதான், பட்டம்தான் கைமாறிவிட்டது. பெர்னில் 2014ல் திறந்த 'மதங்களின் இல்லம்' என்ற கட்டடத்தில் தமிழ்ச் சைவக் கோயிலும் மசூதியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அங்கே கோயிலுக்குப் போகும் தமிழ்க் குழந்தைக்கு இந்த வீடியோவைக் காட்டினால் என்ன கேட்கும் என்று யோசித்தேன். என் மகள் கேட்டதையேதான் கேட்கும்.

அவ்வளவு தூரம் ஏன்? பெரியப்பா 1951ல் பிறந்தபோது எங்கள் ஊர் சென்னை மாநிலம். 1953ல் ஆந்திரா. 1956ல் ஆந்திரப் பிரதேசம். படாஸ்கர் தீர்ப்புக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி வட்டத்தோடு திரும்பவும் சென்னை மாநிலம். ஒன்பது வயதுக்குள் எல்லைக்கோடு அவரை இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டது, அவர் வீட்டைவிட்டு நகரவே இல்லை. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் பாதிப் பேச்சு தெலுங்கு. யார் உள்ளூர், யார் வெளியூர்?

இனி என் பங்கு. 1990களில் ரெபெக்கா பிக்லர் என்ற அமெரிக்க உளவியலாளரும் குழுவினரும் கோடைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மஞ்சள், நீலம் என்று இரண்டு நிறத்தில் சட்டை கொடுத்தார்கள். ஆசிரியர் நிறத்தைக் கண்டுகொள்ளாத வகுப்புகளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நிறம் சொல்லிக் கூப்பிட்டு, நிறம் பார்த்து வரிசை கட்டவைத்த வகுப்புகளில்தான், தன் நிறமே உசத்தி என்ற எண்ணம் வளர்ந்தது. வித்தியாசத்தைக் குழந்தை தானே பார்த்துவிடும். எந்த வித்தியாசத்துக்கு மதிப்பு என்பதைத்தான் பெரியவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அன்றைக்கு என் "உம்" அப்படி ஒரு வரிசையைக் கட்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் அவளிடம் சொன்னேன்: "யாரும் எதையும் புடிக்கலம்மா. தாத்தா சொன்னது தப்பு. நேத்தே நான் சொல்லியிருக்கணும், சொல்லல. நீ எப்பவும் போல அவ வீட்டுக்குப் போலாம்."

பெரியப்பாவிடம் 1960 கதையைப் பேசினேன். சிரித்தார், அவ்வளவுதான். ஃபார்வர்ட் இன்னும் வருகிறது. இப்போதெல்லாம் நான் உம் கொட்டுவதில்லை. மகள் இருந்தால் அவள் காதில் விழும்படியே மறுக்கிறேன்.