பழைய பாணித் திரைமுகப்பு: எதை வைப்பது, எதை விடுவது?

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் பத்துக் கணினிகள் உள்ளன. எல்லாமே பழையவை, நினைவகம் 2 ஜிபிதான். கணினியை இயக்கி, திரை வந்து, ஒரு கோப்பைத் திறப்பதற்குள் நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் போய்விடும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளுக்கு வாரத்தில் கிடைப்பதே அந்த ஒரு பாடவேளைதான். அதனால் சென்ற ஆண்டு பள்ளி திறந்த முதல் வாரத்தில், லினக்ஸ் இயக்க அமைப்பை நிறுவி, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பழகிய திரையைப் போன்ற எளிய திரைமுகப்பை அமைக்கத் தொடங்கினேன். உதவிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவியர் சிலர் வந்தனர். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: “சார், பழசு மாதிரி வேணும்னா எல்லாத்தையும் பழசாவே வைக்கணுமா?”

உடனே பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியைப் பெரிய அளவில் சந்தித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன்.

திரைமுகப்புச் சூழல்

கணினியை இயக்கியதும் நம் கண்முன் வரும் பணிப்பட்டை, பட்டியல், சாளரம், கோப்புறை ஆகியவற்றைத் தரும் மென்பொருள் தொகுப்பே திரைமுகப்புச் சூழல். விண்டோஸில் இது இயக்க அமைப்போடு சேர்ந்தே வருகிறது. லினக்ஸில் இது தனி. நமக்கு வேண்டியதைத் தேர்ந்து நிறுவிக்கொள்ளலாம்.

லினக்ஸ் பயன்படுத்தியவர்களில் பலர் க்னோம் 2 என்ற சூழலில் பழகியவர்கள். 2002இல் வந்த அதில் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, பெயர் எழுதிய பட்டியல்கள் இருந்தன. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது எல்லாம் மாறியது. திறந்திருக்கும் சாளரங்களைக் காட்டும் பட்டை இல்லை. சாளரத்தைச் சுருக்கும் பொத்தானும் இல்லை. பழகிய கை தடுமாறியது.

அதே ஆண்டில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் க்னோம் 2இன் மூலநிரலை எடுத்துத் தனியே வளர்க்கத் தொடங்கினார். அதுதான் மாத்தே. தென் அமெரிக்காவில் குடிக்கும் ஒரு மூலிகைப் பானத்தின் பெயர் அது. அதன் கோப்பு மேலாளருக்குக் ‘காஹா’ என்று பெயர். ஸ்பானிய மொழியில் பெட்டி என்று பொருள்.

வெளியே பழையது, உள்ளே புதியது

மாத்தேயை வளர்த்தவர்கள் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. பட்டைகள், பட்டியல்கள், சுருக்கும் பொத்தான் போன்றவை இருந்தன. ஆனால் அமைப்புகளைச் சேமிக்கும் பழைய முறையையும், கோப்புகளைக் கையாளும் பழைய நிரல்களையும் 2013இல் வந்த 1.6 பதிப்பில் நீக்கிப் புதியவற்றை வைத்தனர். திரையில் பொத்தான்களை வரையும் ஜிடிகே 2 நிரல்தொகுப்பிலிருந்து ஜிடிகே 3க்கு 2017இல் முழுமையாக மாறினர். அடுத்த ஆண்டு, கூடுதல் தெளிவுள்ள புதிய திரைகளுக்கும் ஏற்பாடு செய்தனர். பயனரின் கை பழகியதை விடாமல், கண்ணுக்குத் தெரியாத உள்பகுதியைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள்.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பழைய பாணி வேறு, பழைய இயக்க அமைப்பு வேறு. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. பழகியது என்பதற்காக அதை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது ஆபத்து.

நான் வைத்துக்கொண்ட மூன்று கேள்விகள்

ஒவ்வொரு வசதிக்கும் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டேன். இது இல்லாவிட்டால் பிள்ளையின் வேலை தடைப்படுமா? இதற்குச் செலவாகும் நினைவகமும் நேரமும் தகுமா? இங்கே பழகினால் வெளியிடங்களிலும் பயன்படுமா?

பணிப்பட்டை மூன்றிலும் தேறியது. இரண்டு சாளரங்களைத் திறந்த பிள்ளை, முதல் சாளரம் எங்கே போனது என்று திகைக்காமல் இருக்க அது வேண்டும். சாளரங்கள் ஆடி அசைந்து திறக்கும் அலங்காரம் இரண்டாம் கேள்வியில் விழுந்தது. பழைய திரைகளில் இருந்த பொடி எழுத்தும் வேண்டாம் என்று விட்டேன். ஒரு கணினிக்கு மூன்று பேர் அமரும் வகுப்பில் ஓரத்தில் இருப்பவருக்கு அது தெரியாது.

தமிழில் தட்டச்சு செய்யவும் இதே கேள்விகள்தான். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை வைத்தேன். பழைய எழுத்துருக் குறியீடுகளை விட்டேன். அவற்றில் அடித்த கட்டுரை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத்தான் தெரியும். ஒருங்குறியில் அடித்தது எங்கும் திறக்கும்.

தவறும் செய்தேன். க்னோம் 2இல் இருந்தது போலவே மேலும் கீழும் இரண்டு பட்டைகள் வைத்தேன். பிள்ளைகள் கீழ்ப்பட்டையை மட்டுமே பார்த்தனர். மேலே இருந்த பட்டியலைத் தேடித் தவித்தனர். அது என் பழக்கம், அவர்களுடையது அல்ல. மறுவாரமே பட்டியலைக் கீழே கொண்டுவந்து மேல்பட்டையை நீக்கினேன்.

கடினமாக இருந்தது இரட்டைச் சொடுக்கு. கைப்பேசியில் ஒருமுறை தொட்டுப் பழகிய பிள்ளைகள் கோப்புறையை ஒருமுறை சொடுக்கிவிட்டுக் காத்திருந்தனர். ஒற்றைச் சொடுக்கில் திறக்கும்படி காஹாவில் மாற்றலாம். மாற்றியிருந்தால் அன்றைய வகுப்பு எளிதாக முடிந்திருக்கும். ஆனால் நாளை கல்லூரியிலோ அலுவலகத்திலோ அவர்கள் காணப்போகும் கணினி இரட்டைச் சொடுக்கையே எதிர்பார்க்கும். அதனால் மாற்றாமல், சொடுக்கும் வேகத்தை மட்டும் தளர்த்தி வைத்துப் பழக்கினேன். இரண்டு பாடவேளைகள் அதற்கே போயின. அது வீணான நேரம் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு: “பழசுங்கிறதுக்காக எதையும் வைக்க வேண்டாம்மா, உங்களுக்கு உதவுறதை மட்டும் வைப்போம்.”

உங்கள் பள்ளியிலும் பழைய கணினிகள் இருக்கலாம். எதையும் மாற்றும் முன் ஒரு பாடவேளை முழுவதும் பேசாமல் பிள்ளைகளின் பின்னால் நின்று, அவர்களின் கை எங்கே நிற்கிறது, எதைத் தேடுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வசதியை வைப்பது, எதை விடுவது என்று அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் அதைக் கடைசியில்தான் செய்தேன். முதலில் செய்திருக்க வேண்டும்.